இந்திய எவரெஸ்ட் மலையேற்றக் குழு, 1965

1965 மே மாதத்தில் இந்தியர் 9 பேர் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். இவ்வெற்றிக்கு முன் இரு முயற்சிகள் கைகூடவில்லை. 1960-இல் நரேந்திர குமார், நவாங் கோம்பு, சோனம் கியாட்சோ ஆகியோர் உச்சிக்குச் சுமார் 220 மீட்டர் கீழே திரும்பினர். 1962-இல் மோகன் சிங் கோலி, கியாட்சோ, ஹரி டாங் மூவரும் சுமார் 130 மீட்டர் கீழே திரும்பினர்.

8,000 மீட்டருக்கு மேல் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிசன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அங்கு பசியும் உறக்கமும் குறையும், ஓய்வெடுத்தாலும் களைப்பு தீராது, சிந்தனை மந்தமாகும். ஏறும் வலிமை முழுவதையும் செலவிட்டவருக்கு இறங்க வலிமை இராது. ஆகவே கூடாரம், உணவு, ஆக்சிசன் உருளை ஆகியவற்றைச் சேர்ப்பாக்களும் சக வீரர்களும் முகாம் முகாமாகச் சுமந்து சேர்த்த பின்னரே ஓரிருவர் உச்சிக்குப் புறப்பட முடியும்.

1965-இல் கோலி தலைவரானார். மே 20-இல் சீமா, கோம்பு. 22-இல் கியாட்சோ, சோனம் வாங்கியால். 24-இல் வோரா, ஆங் காமி. 29-இல் அலுவாலியா, ராவத், பூ டோர்ஜி என நான்கு அணிகள் உச்சியை எட்டின. கோலி உச்சிக்குச் செல்லவில்லை. கீழிருந்து குழுவை நடத்தினார். இருமுறை திரும்பிய கியாட்சோ மூன்றாம் முறை வென்றார். உரிய நேரத்தில் திரும்பியதே அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தது.