பெப்பர்மிண்டுக்குள் ஒரு திப்பிலி

நாட்டு மருந்துக்கடையில் "வயித்துக்குப் பெப்பர்மிண்ட் இருக்கா?" என்று கேட்டேன். "முட்டாயா, உப்பா?" என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர். உப்பு என்றதும் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். ஊசி ஊசியாகக் கண்ணாடித் துண்டுகள் போல இருந்தது. முகர்ந்ததும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவர் வழக்கில் அது புதினா உப்பு. இங்கிலீஷ் மருந்துக்கடையில் மெந்தால்.

முட்டாய் என்று அவர் சொன்னதிலும் ஒரு கதை இருக்கிறது. பெப்பர்மிண்டின் பின்பாதி நம் காதில் ஒட்டவில்லை. இந்துஸ்தானியிலிருந்து ஏற்கெனவே வந்திருந்த மிட்டாய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பெப்பர்மிட்டாய் பிறந்தது. பெட்டிக்கடையில் புதினா வாசனையே இல்லாத மிட்டாய்க்கும் அதே பெயர்தான்.

புதினா பாரசீகச் சொல். அதுவும் இந்துஸ்தானி வழியாக வந்தது. அகராதிகள் புதினாவையும் பெப்பர்மிண்டையும் ஒன்றாக்கினாலும் நாக்கு ஒப்பாது. துவையலுக்கு அரைப்பது பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் வகை. அதன் மணம் கார்வோன் என்ற பொருளால் வருவது. மெந்தால் மிகக் குறைவு. அதனால்தான் துவையல் தின்றால் வாய் சில்லிடுவதில்லை. பெப்பர்மிண்டோ அந்த ஸ்பியர்மிண்டும் நீர்ப்புதினாவும் கலந்த கலப்பினம். விதை பிடிக்காது, தண்டை நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் கிடைத்த இந்தச் செடியை 1696இல் தாவரவியலாளர் ஜான் ரே எழுதிவைத்தார். 1721இல் லண்டன் மருந்து நூலில் ஏறியது. வாயில் போட்டதும் மிளகுபோல் சுரீர் என்றதால் 'பெப்பர்'. குளிர்ச்சிக்குப் பேர்போன இலைக்குக் காரத்தின் பெயர்!

அந்தப் 'பெப்பர்' யாருடையது? ஆங்கிலப் பெப்பர், லத்தீன் பைப்பர், கிரேக்கப் பெப்பெரி என்று பின்னோக்கிப் போனால் வடமொழிப் பிப்பலியில் போய் முட்டும். பிப்பலி என்றால் மிளகு அல்ல, நம் திப்பிலி. மேற்கே திப்பிலியின் பெயரையே மிளகுக்கும் சேர்த்து வைத்துவிட்டார்கள். ரோமில் விலை உயர்ந்தது திப்பிலிதான். ஒரு பவுண்டு 15 தினாரி, கருமிளகு 4 தினாரி என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்கு எழுதியிருக்கிறார். விலை குறைந்த மிளகு பெயரைப் பறித்துக்கொண்டது, திப்பிலிக்கு 'நீள மிளகு' என்ற அடைமொழிதான் மிஞ்சியது. நம் ஊரில் மிளகு மிளகாகவே இருந்தது, நல்லவேளை. இந்திக்காரர்கள் பெப்பர்மிண்டைப் பிப்பர்மிண்ட் என்கிறார்கள். அங்கே திப்பிலிக்கும் பீப்பர் என்று ஒரு பெயர் உண்டு. ஊர் சுற்றிய சொல் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, அடையாளம் காண்பாரில்லை.

பெப்பர்மிண்டைப் போலத் திப்பிலியும் செரிமானச் சரக்குதான். சுக்கு, மிளகோடு சேர்ந்தால் திரிகடுகம். அது சூட்டைக் கிளப்பிப் பசியைத் தூண்டும் என்பது வைத்தியர் கணக்கு. பெப்பர்மிண்ட் வேலை செய்வது வேறு விதம். குடல் தசை இறுகும்போதுதான் வயிறு பிசைகிறது. தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைவதை மெந்தால் தடுக்க, இறுக்கம் தளர்கிறது. ஆனால் இரைப்பை வாயைக் கட்டிவைத்திருக்கும் தசையும் கூடவே தளர்ந்தால் அமிலம் மேலேறும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இது ஆகாது. குடலில் போய்க் கரையும்படி பூச்சுப் பூசிய எண்ணெய்க் குளிகைகள் வந்ததும் இதனால்தான்.

கடைக்காரர் புதினா உப்போடு ஓம உப்பும் கற்பூரமும் வைத்துக் கட்டினார். மூன்றையும் குப்பியில் போட்டு மூடிவைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே இளகி எண்ணெயாகிவிடும், அதுதான் அமிர்ததாரை. பணம் கொடுக்கும்போது திப்பிலியும் கேட்டேன். "வயித்துக்குத்தானே கேட்டீங்க சார், அது எதுக்கு?" என்றார்.