அலை வந்த பிறகு பிள்ளைகள் ஆடிய ஆட்டம்

மணலிக்காரர்களுக்குக் கடல் கண்ணில் படாது. பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி எர்ணாவூருக்கோ திருவொற்றியூருக்கோ போனால்தான் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, நம் தெருக்களுக்குத் தண்ணீர் வரவில்லை, செய்திதான் வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போனார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தில். நான் பிறந்து வளர்ந்த காரைக்காலில் 400 பேருக்கு மேல். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நம் பக்கத்துக் குப்பங்களிலும் இழவு விழுந்தது.

அப்போது நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நிவாரணப் பட்டியல்களைச் சரிபார்க்க எங்களையும் அனுப்பினார்கள். 2005-ல் திருவொற்றியூர் கார்கில் நகரில் போட்டிருந்த தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் பல தடவை போயிருக்கிறேன். அங்கே பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒரு பையன்தான் அலை. பழைய புடவை ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். மற்றவர்கள் செங்கல் மேலும் குடத்தின் மேலும் ஏறி நிற்பார்கள். புடவை யார் மேல் பட்டதோ அவர்கள் செத்த மாதிரி படுத்துவிட வேண்டும். இதற்கு மேல்தான் விசேஷம். ஒரு சிறுமி சிலேட்டோடு வந்து, படுத்துக்கிடப்பவர்களிடம் "பேரு இன்னா? அப்பா பேரு இன்னா? கார்டு கீதா?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். எங்கள் அலுவலகத்து ஆட்களைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாள்.

பெரியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. "இன்னாடா வெளையாட்டு இது, பொணம் மாதிரி படுத்துக்கினு! திரும்ப அலையைக் கூப்புட்றீங்களா?" என்று ஒரு ஆயா விளக்குமாற்றோடு வந்தார். மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். அவர் கோபத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அங்கே தொண்டு வேலைக்கு வந்திருந்த ஒரு பெண், "வெளையாடட்டும் ஆயா, நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லி அந்தச் செங்கற்களின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கூடையில் களிமண், கலர் சாக்பீஸ், துணிப் பொம்மை எல்லாம் இருந்தன.

ஆயா சொன்னது சரியா, அந்தப் பெண் சொன்னது சரியா என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாள் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தேடிப் படித்தேன். இந்தக் கேள்விக்கு நூறு வருஷ சரித்திரம் இருக்கிறது.

ஆரம்பமே ஒரு தாத்தாவிடம்தான். வியன்னாவின் சிக்மண்ட் ஃபிராய்டு, ஒன்றரை வயதுப் பேரன் விளையாடுவதைச் சில வாரங்கள் கவனித்து, 1920-ல் வெளியான நூலில் எழுதினார். குழந்தையின் அம்மா அவ்வப்போது சில மணி நேரம் வெளியே போய்விடுவாள். பிள்ளை அழுவதில்லை. ஆனால் நூல் கட்டிய மரக்கட்டை ஒன்றைத் தொட்டிலுக்குள் எறிந்து 'போச்சு' என்பான். நூலை இழுத்து 'இதோ' என்பான். திரும்பத் திரும்ப இதே வேலை. அம்மா போனது அவன் கையில் இல்லை. கட்டை போவதும் வருவதும் அவன் கையில் இருந்தது. நமக்கு நேர்ந்ததை நாமே நடத்திப் பார்ப்பது என்கிற இந்த ஒரு சங்கதியின் மேல்தான் பின்னால் வந்த விளையாட்டுச் சிகிச்சை பெரும்பாலும் நிற்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் பாரிஸில் வேலை செய்த சோஃபி மோர்கென்ஸ்டெர்ன் அம்மையாரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒன்பது வயது தாண்டிய ஒரு பையன், பேச்சே நின்றுபோய்விட்டது. அந்த அம்மையார் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லை. காகிதமும் பென்சிலும் கொடுத்தார். அவன் வரைந்த பயங்கரங்களை ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்த்தார். பிறகு பேச்சு திரும்பியது. 1927-ல் இதை எழுதி வெளியிட்டார். போலந்தில் பிறந்த யூதப் பெண்மணி. 1940 ஜூனில் ஜெர்மன் படைகள் பாரிஸில் நுழைந்த நாட்களில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

லண்டனில் மார்கரெட் லோவென்ஃபெல்ட் என்ற டாக்டர் 1928-ல் பிள்ளைகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். எச். ஜி. வெல்ஸ் தன் மகன்களோடு தரையில் ஊர் கட்டி விளையாடியதைப் பற்றி 1911-ல் எழுதிய சிறு புத்தகம் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு தட்டில் மணல், பக்கத்தில் வீடு, மரம், மாடு, சிப்பாய் என்று சின்னச் சின்னப் பொம்மைகள். பிள்ளைகளே அதற்கு 'உலகம்' என்று பேர் வைத்தார்கள். நம் வீட்டுச் சொப்பும் மரப்பாச்சியும்தான் இது, வேறென்ன? ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. நாம் சொப்பைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவர் கூட உட்கார்ந்து பார்த்தார்.

அப்புறம் யுத்தம். ஃபிராய்டின் மகள் அன்னா, தோழி டாரதி பர்லிங்ஹாமோடு சேர்ந்து லண்டன் ஹாம்ஸ்டெட்டில் குண்டுவீச்சில் வீடிழந்த பிள்ளைகளுக்காகக் காப்பகங்கள் நடத்தினார். அங்கே நாலு வயதுப் பையன் ஒருவன்; அப்பாவைக் குண்டுக்குப் பறிகொடுத்தவன். காகித வீடு கட்டி அதன் மேல் கோலிக்குண்டு போடுவான். மற்றப் பிள்ளைகளுக்கு இடித்துத் தள்ளுவதில் குஷி. இவன் ஆட்டத்தில் மட்டும் வீட்டிலிருந்த எல்லாரும் தப்பிவிடுவார்கள், வீடும் உடனே திரும்ப எழும்பிவிடும். மாதக்கணக்கில் இதே ஆட்டம். அப்பா செத்துப் போனார், இனி வரமாட்டார் என்று அவன் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது நின்றது.

விளையாடவிட்டால் தானே சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1976 ஜூலையில் அமெரிக்காவில் சௌசில்லா என்ற சிற்றூரில் 26 பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தோடு கடத்தி, மண்ணுக்கடியில் புதைத்த ஒரு லாரிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். ஓட்டுநரும் பிள்ளைகளும் சுமார் 16 மணி நேரம் கழித்துத் தாமே வழி தோண்டி வெளியே வந்தார்கள். ஒரு கீறல்கூட இல்லையே என்று ஊர் நிம்மதிப்பட்டது. லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் போனார். வருஷங்கள் கழித்தும் போனார். பயம் போகவில்லை. கடத்தல் ஆட்டத்தையே சிரிப்பில்லாமல், ஒரு மாற்றமும் இல்லாமல், கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மாதிரி ஆட்டம் ஆற்றாது, புண்ணைக் கிளறும்.

அங்கேதான் கூட இருக்கும் பெரியவருக்கு வேலை. முடிவை அவர் சொல்லிக்கொடுப்பதில்லை. "இந்த மேட்டுல ஏறினா அலை வருமா?", "யாராவது காப்பாத்த வருவாங்களா?" என்று ஆட்டத்துக்குள்ளிருந்தே கேட்பார். பிள்ளை ஒரு படகைக் கொண்டுவரும், அல்லது கொண்டுவராது. இரண்டுக்கும் காத்திருப்பார். கார்கில் நகரில் அந்தப் பெண் செய்ததும் இதுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2001 குஜராத் பூகம்பத்தின்போதே ஊர்க்காரர்களுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்தது; சுனாமிக்குப் பின் நம் கடற்கரைக்கும் வந்தது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைப் பெரிதாகச் செய்தது மட்டக்களப்பு. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தம் தமிழ் நூலுக்கு 'மனவடு' என்றே பேர் வைத்தார். ஆறிய புண்ணின் தழும்பு, நல்ல சொல். 1990-ல் கிழக்கு மாகாணத்தில் ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே பயந்தார்கள். அந்த ஊரில் 1996-ல் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அடிகளும் கனடாவின் ஓவியர் பால் ஹோகனும் 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' தொடங்கினார்கள். ஒரு பேருந்து தமிழ்க் கிராமத்துக்கும் முஸ்லிம் கிராமத்துக்கும் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வரும். வாரம் ஒரு நாள், மாதக்கணக்கில். களிமண், ஓவியம், நாடகம், தோட்ட வேலை. கூட இருந்து நடத்தியவர்கள் போரில் அடிபட்ட உள்ளூர் இளைஞர்களே. யுத்தம் அப்போது முடியவில்லை. இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தது. அமைதி வந்த பிறகு பிள்ளைகளைக் கவனிக்கலாம் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு அந்தப் பூங்காவில் பிடித்ததே இதுதான்.

நம் பக்கத்தில் பிள்ளை திடுக்கிட்டு எழுந்தால் 'பயந்த கோளாறு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போவோம். தர்காவோ மாதா கோயிலோ வேப்பிலையோ, போகட்டும். மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தலையைத் தடவிக்கொடுப்பதும் மருந்துதான். ஆனால் மாதம் ஒன்று தாண்டியும் தூங்காமல், பேசாமல், ஒரே ஆட்டத்தைச் சிரிப்பின்றி ஆடிக்கொண்டே இருந்தால் அது வேறு விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலி வீடுகளுக்குள் புகுந்ததே, அதன் பிறகு வானம் இருட்டினாலே புத்தகப் பையைத் தூக்கிக் கட்டில் மேல் வைக்கிற பேரப் பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம். பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம், இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.