வள்ளிக்கிழங்கின் பெயர் வரலாறு

மார்கழிக் குளிரில் வடநாட்டு வீதிகளில் கரியனலில் சுட்டு விற்கப்படும் 'ஷகர்கந்த்' நம் குழந்தைகள் நன்கு அறிந்தது. அதனையே நாம் சர்க்கரைவள்ளி என்கிறோம். 'ஷகர்' என்பது சர்க்கரை. 'கந்த்' என்பது கிழங்கு. இரு மொழியினரும் சுவை கண்டே பெயரிட்டனர். ஆயின், நம் பெயரில் வள்ளி வந்து சேர்ந்தது எங்ஙனம்?

வள்ளி என்பது பழந்தமிழில் மலைச்சாரலில் தானே படர்ந்து கிழங்கு விடும் கொடிக்குப் பெயர். மூவேந்தர் பாரியின் பறம்பு மலையை முற்றியபோது, உழவர் உழாமலே அம்மலை தரும் உணவு நான்கு உண்டு என்றார் கபிலர். மூங்கில்நெல், பலா, தேன் என்பவற்றோடு அவர் எண்ணியது வள்ளிக்கிழங்கு. இது புறநானூற்றின் 109-ஆம் பாட்டிற் காணும் செய்தி. முருகன் மணந்த குறமகளும், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிற் கிடைத்தமையால் அப்பெயர் பெற்றாள் என்கிறது கந்தபுராணம்.

இதனைக் கொண்டு, பறம்பு நாட்டார் சர்க்கரைவள்ளி உண்டு பகைவரை எதிர்த்தனர் என்று பெருமை பேசும் அன்பர்கள் உளர். அது பிழை. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு. 1492-இல் கொலம்பசு கடல் கடந்த பின்னரே, ஐரோப்பியர் கப்பல்களின் வழியே இந்நாடு புகுந்தது. கபிலர் குறித்தது பெருவள்ளியின் இனமான காட்டுக்கிழங்கு. பழனி மலைப் பளியர் வழிவழியாக அகழ்ந்துண்ட வகையினது. 'சர்க்கரை' என்னும் அடைமொழியே, இது பழைய வள்ளி அன்று என்பதற்குச் சான்றாகும்.

மரவள்ளியின் பெயர் இன்னும் விந்தையானது. பிரேசில் நாட்டிலிருந்து வந்த அச்செடி கொடியன்று. குச்சியாய் நிமிர்ந்து நிற்பது. மரமாகிய கொடி என்பது பொருந்துமா? பொருந்தாது. அதற்குள் 'வள்ளி' கொடி என்னும் பொருளிழந்து, கிழங்கு என்ற அளவில் நின்றுவிட்டது போலும். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் (1880–1885) இதனைப் பயிரிட ஊக்கினார். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது அந்நாட்டு ஏழை மக்களின் வயிற்றைக் காத்தது இக்கிழங்கே.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் 'ஆலு' என்பது முன்பே வேறு கிழங்கிற்கு வழங்கிய பெயர். பின்னரே உருளைக்கிழங்கிற்கு ஆயிற்று. பம்பாயார் கூறும் 'பட்டாட்டா'வோ, கரீபியத் தீவினர் சர்க்கரைவள்ளிக்கு இட்ட பெயர். போர்த்துக்கீசியர் வாயிலாக வந்து உருளைக்கிழங்கின்மேல் ஏறிற்று.

திருநெல்வேலிச் சீமையார் மட்டும் சர்க்கரைவள்ளியைச் சீனிக்கிழங்கு என்பர். அவர்கள் வள்ளியை மலையிலேயே விட்டுவிட்டனர்!