ஒரு மனாவுக்கு ஒரு சீட்டு

மேஜிக் த கேதரிங் ஆட வருகிற புதியவர்கள் கட்டு சேர்க்கும்போது முதலில் கழித்துப்போடுவது, சீட்டு எடுக்க மட்டுமே உதவும் மலிவு மந்திரங்களைத்தான். டிராகனைப் போடும் இடத்தில் இது எதற்கு என்று கேட்பார்கள். இந்த விளையாட்டின் முப்பது ஆண்டு வரலாறே அந்தச் சின்னச் சீட்டுகளுக்கு விலை கண்டுபிடிக்கப் பட்ட பாடுதான் என்பது என் எண்ணம்.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் முதல் தொகுப்பில், ஐந்து நிறங்களுக்கும், மந்திரம் போடக் கொடுக்கும் விலையான மனா ஒன்றே ஒன்றில், ஆளுக்கொரு மந்திரம் இருந்தது. எல்லாவற்றிலும் எண் மூன்று. சிவப்பின் லைட்னிங் போல்ட் மூன்று அடி அடிக்கும், கறுப்பின் டார்க் ரிச்சுவல் மூன்று மனா தரும். நீலத்தின் ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூன்று சீட்டு தரும். மற்ற நான்கும் எளிதில் கிடைக்கும் காமன், இது மட்டும் அரிதாகக் கிடைக்கும் ரேர். இதைக் கட்டுப்படுத்த அந்த அருமை போதவில்லை. முறைக்கு ஒரு சீட்டுதான் எடுக்கலாம் என்கிற ஆட்டத்தில், ஒரு மனா கொடுத்தவர் மூன்று முறைக்கான சீட்டை ஒரேயடியாக அள்ளிக்கொண்டார். 1994-லேயே கட்டுக்கு ஒன்றுதான் என்று கட்டுப்பாடு வந்துவிட்டது.

சூடு பட்டவர்கள் அடுத்து எச்சரிக்கையாக இருந்தார்கள். 1995-இன் ஐஸ் ஏஜ் தொகுப்பில் பல சின்ன மந்திரங்கள் சீட்டை உடனே தரவில்லை. அடுத்த முறை தொடங்கும்வரை காக்கவைத்தன. அதே தொகுப்பில் வந்ததுதான் பிரெய்ன்ஸ்டார்ம். மூன்று எடு, கையிலிருந்து இரண்டைக் கட்டின் மேல் வை. போட்ட சீட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றுகூடக் கூடியிருக்காது.

இதில் லாபம் எங்கே என்று காட்டியவர் ஆலன் கோமர் என்ற ஆட்டக்காரர். ரம்மியில் ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு மேஜிக்கின் தொல்லை புரியும்: மனா தரும் லேண்ட் சீட்டு வராவிட்டால் எதையும் போட முடியாது, லேண்டாகவே வந்தால் போட எதுவும் இருக்காது. அறுபது சீட்டில் இருபதுக்கு மேல் லேண்ட் வைப்பதுதான் வழக்கம். கோமர் 1997-இல் தன் டர்போ ஜெராக்ஸ் கட்டில் பதினேழு மட்டுமே வைத்தார். நான்கு மலிவு மந்திரம் சேர்த்தால் இரண்டு லேண்டை எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆரம்பத்தில் அந்த மந்திரங்கள் லேண்டைத் தேடித் தரும். பிற்பாடு ஆயுதத்தைத் தேடித் தரும். மேஜிக்கில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

2002-இல் ஆன்ஸ்லாட் தொகுப்பின் ஃபெட்ச் லேண்டுகள் வந்தன. அவற்றை விட்டுக்கொடுத்தால் கட்டிலிருந்து ஒரு லேண்டைத் தேடி எடுத்து, கட்டைக் கலைத்துப்போடலாம். பிரெய்ன்ஸ்டார்மில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் அதன் மதிப்பே மாறியது. வேண்டாத இரண்டை மேலே வைத்துக் கலைத்துவிட்டால், மூன்று புதிய சீட்டு லாபம். கலைக்க வழியில்லாமல் அவசரப்பட்டுப் போட்டவர், அடுத்த இரண்டு முறையும் அதே உதவாத சீட்டுகளைத்தான் எடுப்பார். ஆட்டக்காரரின் பொறுமையை இவ்வளவு துல்லியமாகச் சோதிக்கும் சீட்டு வேறில்லை. எந்தச் சீட்டுகளை அனுமதிப்பது என்பதில் வேறுபடும் ஆட்டவகைகளில் ஒன்றான விண்டேஜில், 2008-இல் இதையும் கட்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். லெகசி என்ற இன்னொரு வகையில் இன்றும் நான்கு வைக்கலாம்.

சீட்டு எடுக்கும் இன்னொரு மந்திரமாக 2014-இல் வந்த ட்ரெஷர் க்ரூஸின் விலை எட்டு மனா. ஆனால் ஆடி முடித்துக் கல்லறையில் கிடக்கும் சீட்டுகளை நீக்கி, ஒரு மனா தவிர மீதி முழுவதையும் அடைத்துவிடலாம். கல்லறையை நிரப்பித் தர மலிவு மந்திரங்கள் இருக்கவே இருந்தன. அடுத்த ஜனவரியிலேயே மாடர்ன், லெகசி ஆகிய இரண்டு ஆட்டவகைகளிலும் தடை.

மாடர்ன் தொடங்கிய 2011-லேயே பாண்டர், பிரீஆர்டெய்ன் என்ற இரண்டு மலிவு மந்திரங்கள் அங்கே தடைசெய்யப்பட்டன. 2023-இல் பிரீஆர்டெய்னுக்கு மட்டும் தடை நீங்கியது. இந்தப் பாகுபாடு சரியென்றே சொல்வேன். இரண்டும் ஒரு மனாதான், இரண்டும் முதல் மூன்று சீட்டுவரை எட்டிப்பார்க்கும். ஆனால் அந்த மூன்றும் பிடிக்காவிட்டால் கட்டைக் கலைத்துவிட்டு நான்காவதாகப் புதிதாக ஒன்றை எடுக்க பாண்டரில்தான் வழியுண்டு.