கண்டத்தின் பெயரைச் சுமந்த அணி
சக்கரங்கள் எழுதிய சரித்திரம் – 17

சாலை மிதிவண்டிப் பந்தயத்தைக் காண்போர் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை. பந்தயம் பொதுச் சாலையில் நடப்பதால் அதற்கு அரங்கமும் இல்லை, வாயிலும் இல்லை. தொலைக்காட்சி உரிமைக்குக் கிடைக்கும் பணமும் பெரும்பாலும் பந்தயத்தை நடத்துவோரிடமே தங்கிவிடுகிறது. ஆகவே ஒரு தொழில்முறை அணி வீரர்களுக்கு ஊதியம் தரவும், வண்டிகளைப் பராமரிக்கவும், நாடு நாடாகப் பயணம் செய்யவும் புரவலர் நிறுவனம் ஒன்றின் பணத்தையே ஏறக்குறைய முழுவதுமாக நம்பியிருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஈடாக நிறுவனத்தின் பெயரே அணியின் பெயராகிறது. நிறுவனம் விலகும் நாளில் பெயரும் மறைகிறது. ஆப்பிரிக்காவில் பதிவுபெற்று உலகின் உச்சநிலையை எட்டிய முதல் அணி, 2013 முதல் 2021 வரையிலான ஒன்பது பருவங்களில் ஐந்து பெயர்களைத் தாங்கியது. அந்த ஐந்து பெயர்களின் வரிசையிலேயே அதன் எழுச்சியும் முடிவும் அடங்கியுள்ளன.

பிறர் அணிகளில் ஆப்பிரிக்கர்

ஆப்பிரிக்க வீரர்கள் ஐரோப்பியப் பந்தயங்களுக்குப் புதியவர்கள் அல்லர். துனிசியாவைச் சேர்ந்த அலி நெஃபாட்டி 1913ஆம் ஆண்டிலேயே டூர் டி பிரான்ஸில் கலந்துகொண்டார். 1950இல் பிரான்ஸின் ஆட்சியில் இருந்த வட ஆப்பிரிக்கப் பகுதிகளின் பெயரால் ஓர் அணி அதே பந்தயத்துக்கு அனுப்பப்பட்டது. அதில் இடம்பெற்ற அல்ஜீரியாவின் மார்செல் மொலினேஸ் ஒரு கட்டத்தை வென்றார். கட்டம் என்பது பல நாள் பந்தயத்தில் ஒருநாள் ஓட்டத்தைக் குறிக்கும். தென்னாப்பிரிக்காவின் ராபர்ட் ஹண்டர் 2007இல் மொன்பெலியே நகரில் கட்டம் வென்றபோது அவர் அணிந்திருந்த சட்டையில் பார்லோவேர்ல்ட் என்ற தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் பெயர் இருந்தது; எனினும் அந்த அணி பதிவுபெற்றிருந்தது பிரிட்டனில். திறமை ஆப்பிரிக்காவிலிருந்து சென்றது, ஒருமுறை பணமும் சென்றது. ஆனால் யாரைச் சேர்ப்பது, யாரை எந்தப் பந்தயத்துக்கு அனுப்புவது என்ற முடிவு பிறர் கையிலேயே இருந்தது.

ரைடர் தொடங்கிய முயற்சி

இந்நிலையை மாற்ற முனைந்தவர் டக்ளஸ் ரைடர். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்காகச் சாலைப் பந்தயம் ஓடிய அவர், ஓய்வுக்குப் பின் எம்.டி.என். என்ற தென்னாப்பிரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆதரவில் ஓர் அணியை வளர்த்தெடுத்தார். பன்னாட்டு சைக்கிள் ஒன்றியம் அக்காலத்தில் அணிகளை மூன்று நிலைகளாகப் பிரித்திருந்தது. கீழ்நிலை அணிகள் தத்தம் கண்டத்துப் பந்தயங்களில் பங்கேற்றன. இடைநிலை அணிகள் அழைப்பு கிடைத்தால் மட்டும் பெரும் பந்தயங்களுக்குள் நுழைந்தன. வேர்ல்ட் டூர் எனப்படும் உச்சநிலை அணிகளுக்கு அப்பந்தயங்கள் உரிமையாகவே திறந்திருந்தன. ரைடரின் அணி 2013இல் எம்.டி.என்.–குபேகா என்ற பெயருடன் இடைநிலைக்கு உயர்ந்தது. ஆப்பிரிக்காவில் பதிவுபெற்ற அணி ஒன்று அந்நிலையை எட்டியது அதுவே முதல்முறை.

பெயரின் இரண்டாம் பாதி எந்த வணிக நிறுவனத்தையும் குறிக்கவில்லை. ஙூனி மொழிகளில் ‘முன்னேறு’ என்று பொருள்படும் குபேகா, தென்னாப்பிரிக்காவில் மிதிவண்டி வழங்கும் ஓர் அறக்கட்டளை. மரக்கன்று வளர்த்தவருக்கும், கழிவுகளைச் சேகரித்துத் தந்தவருக்கும், பள்ளியில் நன்கு பயின்ற மாணவருக்கும் அது மிதிவண்டி அளித்தது. இலவசப் பொருளாகக் கொடுக்காமல் உழைப்புக்கு ஈடாகக் கொடுப்பதே அதன் கொள்கை. தொலைவிலுள்ள பள்ளிக்குப் பல கிலோமீட்டர் நடந்து செல்லும் பிள்ளைக்கு ஒரு மிதிவண்டி தரும் நேரமும் வலுவும் எத்தகையவை என்பதைச் சிற்றூர்ப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பணம் தராத ஓர் அமைப்பின் பெயரைச் சட்டையின் நெஞ்சில் எழுதியது அணியின் நோக்கத்தை உலகுக்கு அறிவித்தது. அதே நோக்கம், பணம் தரக்கூடிய நிறுவனங்களிடம் அணி எடுத்துச் சொல்லத்தக்க வலுவான காரணமாகவும் அமைந்தது.

வெற்றியும் அழைப்பும்

இடைநிலை அணிக்கு உயிர்நாடி அழைப்பே. பந்தயம் நடத்துவோர் நல்ல நோக்கத்தை மட்டும் பார்த்து அழைப்பு விடுப்பதில்லை. வெல்லும் ஆற்றலும் மக்கள் அறிந்த முகங்களும் அவர்களுக்கு வேண்டும். ஆகவே ரைடர், ஆப்பிரிக்க இளைஞர்களோடு அனுபவம் மிக்க ஐரோப்பியரையும் ஒப்பந்தம் செய்தார். அவ்வாறு சேர்ந்தவர்களுள் ஒருவர் ஜெர்மனியின் கெரால்ட் சியோலெக். 2013 மார்ச் 17 அன்று நடந்த மிலான்–சான் ரெமோ, ‘நினைவுச்சின்னங்கள்’ எனப் போற்றப்படும் ஐந்து பழம்பெரும் ஒருநாள் பந்தயங்களில் ஒன்று. அன்று கடும் பனி பொழிந்ததால் மலைப்பாதை கைவிடப்பட்டு, வீரர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு, கடலோரத்தில் ஓட்டம் மீண்டும் தொடங்கியது. இறுதிப் பாய்ச்சலில் பீட்டர் சாகன், ஃபேபியன் கான்செலாரா ஆகிய பெருவீரர்களை சியோலெக் முந்தினார். இடைநிலைக்கு வந்த முதல் பருவத்திலேயே கிடைத்த அந்த வெற்றி, அடுத்த அழைப்புகளுக்கு வழி வகுத்தது. 2014இல் மூன்று வாரம் நீளும் ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் அணி பங்கேற்றது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் மூன்று பெருஞ்சுற்றுகளில் ஒன்றில் ஆப்பிரிக்க அணி ஒன்று நுழைந்தது அப்போதுதான்.

அதே காலத்தில் எரித்திரியா அணியின் ஊற்றுக்கண்ணாயிற்று. இத்தாலியரின் காலனி ஆட்சியில் அந்நாட்டுக்கு வந்த மிதிவண்டிப் பந்தயம், ஆட்சி போன பின்பும் மக்களின் விளையாட்டாக வேரூன்றியிருந்தது. தலைநகர் ஆஸ்மாரா கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்திருப்பதால், அங்குப் பயிலும் வீரரின் உடல் மெல்லிய காற்றுக்குப் பழகிவிடுகிறது. அந்நாட்டின் டானியல் டெக்லஹைமனோட்டையும் இளையவரான மெர்ஹாவி குடுஸையும் 2014இல் அணி சேர்த்துக்கொண்டது. ருவாண்டாவின் அட்ரியன் நியோன்ஷூட்டி அதற்கு முன்பே அணியில் இருந்தார்.

2015: மாந்த் குன்றின் மேல்

டூர் டி பிரான்ஸுக்கான அழைப்பு 2015இல் கிடைத்தது. அப்பருவத்துக்காக நார்வேயின் எட்வால்ட் போவாசன் ஹாகன், அமெரிக்காவின் டைலர் ஃபரார், பிரிட்டனின் ஸ்டீவ் கம்மிங்ஸ் முதலியோர் ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தனர். ஆயினும் டூருக்குச் சென்ற 9 பேரில் 5 பேர் ஆப்பிரிக்கர்: தென்னாப்பிரிக்காவின் மூவர், எரித்திரியாவின் இருவர். குபேகா வழியாக 5,000 மிதிவண்டிகள் வழங்குவதற்கு நிதி திரட்டுவதும் அந்தப் பயணத்தின் இலக்காக அறிவிக்கப்பட்டது.

ஜூலை 9 அன்று நார்மண்டிக் கடலோரத்தின் சிறு ஏற்றங்களில் முதலாவதாகக் கடந்து புள்ளிகளைச் சேர்த்த டெக்லஹைமனோட், மலையேற்றத்தில் முன்னிற்பவருக்கு உரிய சிவப்புப் புள்ளியிட்ட வெள்ளைச் சட்டையை அணிந்தார். நூறாண்டு கடந்த அப்பந்தயத்தில் அச்சட்டையை அணிந்த முதல் ஆப்பிரிக்கர் அவரே. ஒன்பது நாள் கழித்து, நெல்சன் மண்டேலாவின் பிறந்தநாளான ஜூலை 18 அன்று, மாந்த் நகருக்கு மேலுள்ள குன்றின் விமான ஓடுதளத்தில் கட்டம் முடிவுற்றது. பிரான்ஸின் தீபோ பினோவும் ரோமன் பார்தேயும் ஒருவரையொருவர் கண்காணித்தபடி தயங்கிய நொடியில், பின்னிருந்து வந்த கம்மிங்ஸ் இருவரையும் கடந்து வென்றார். வென்றவர் பிரிட்டிஷ்காரர், வெற்றி ஆப்பிரிக்காவில் பதிவுபெற்ற அணியினுடையது. வெளியிலிருந்து வந்த வீரரின் வெற்றி உள்ளிருந்த இளைஞர்களுக்கு வாசலைத் திறக்க வேண்டும் என்ற ரைடரின் திட்டம் அந்த ஒரு நாளில் முழுமையாக நிறைவேறியது.

உச்சநிலையின் விலை

அப்பருவத்தோடு எம்.டி.என். விலகியது. தகவல் தொழில்நுட்பத் துறையில் தென்னாப்பிரிக்காவில் தோன்றி, 2010இல் ஜப்பானின் என்.டி.டி. குழுமத்தின் உடைமையாகிவிட்ட டைமென்ஷன் டேட்டா நிறுவனம் 2016இல் தலைமைப் புரவலரானது. டூர் டி பிரான்ஸில் ஒவ்வொரு வீரரின் வேகத்தையும் இடத்தையும் கணித்து வெளியிடும் பணியை அந்நிறுவனமே ஏற்றிருந்ததால், அணியின் சட்டையும் அதன் வணிகமும் ஒரே சாலையில் சென்றன. அணிக்கு வேர்ல்ட் டூர் உரிமமும் கிடைத்தது.

உச்சநிலையில் நிலைக்க வெற்றி வேண்டும். அதற்காக இறுதிப் பாய்ச்சலில் வல்லவரான பிரிட்டனின் மார்க் கேவண்டிஷும் அவருக்குப் பாதை அமைத்துத் தரும் மார்க் ரென்ஷா, பெர்ன்ஹார்ட் ஐசல் ஆகியோரும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டனர். 2016 டூரின் முதல் நாளிலேயே கேவண்டிஷ் வென்று மொத்த நேரத்தில் முன்னிற்பவருக்கு உரிய மஞ்சள் சட்டையைத் தம் வாழ்வில் முதல்முறையாக அணிந்தார். மொத்தம் 4 கட்டங்களை அவரும், மேலும் ஒன்றைக் கம்மிங்ஸும் வென்றனர். அணியின் வரலாற்றில் அதற்கு இணையான ஜூலை வேறில்லை. ஆனால் அந்த 9 பேரில் ஆப்பிரிக்கர் மூவரே. ஓராண்டில் ஐந்து மூன்றானது. அடுத்த ஆண்டு இரண்டானது. வாசலைத் திறப்பதற்காக அழைக்கப்பட்டவர்களுக்கே உள்ளே இடம் நிறைந்துகொண்டிருந்தது. இதில் எவரையும் குற்றம் சாட்ட இயலாது. புள்ளிப் பட்டியலும் புரவலரின் எதிர்பார்ப்பும் உடனடி வெற்றியைக் கேட்டன, இளம் வீரர் முதிர்வதற்கோ பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

கேவண்டிஷ் நோயாலும் விபத்தாலும் தளர்ந்தபின், 2019 டூருக்கு அவர் தேர்வு செய்யப்படவில்லை. 2020இல் தாய் நிறுவனத்தின் பெயரால் அணி என்.டி.டி. ஆயிற்று, அவ்வாண்டின் முடிவில் என்.டி.டி.யும் விலகியது. ஸ்விட்சர்லாந்தின் உடை நிறுவனமான அசோஸ் கடைசி நேரத்தில் கைகொடுக்க, 2021 பருவம் குபேகா அசோஸ் என்ற பெயரில் தொடங்கியது. மே மாதத்து இத்தாலி சுற்றில் மவுரோ ஷ்மிட், ஜியாகோமோ நிட்ஸோலோ, விக்டர் கம்பெனார்ட்ஸ் ஆகியோர் 11, 13, 15ஆம் கட்டங்களை வென்றனர். நலிந்த அணி ஒன்று இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை வெல்வது அரிது. ஜூன் மாதம் நெக்ஸ்ட்ஹாஷ் என்ற எண்மநாணய நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தது. அந்த உடன்பாட்டாலும் அணி நிலைக்கவில்லை. 2022க்கான உரிமம் கிடைக்காமல் அது கலைந்தது.

தீன்யே நகரில் ஒரு மாலை

2021 ஜூலை 4 அன்று ஆல்ப்ஸ் மலையின் தீன்யே நகரை நோக்கிய ஒன்பதாம் கட்டம் இந்த வரலாறு முழுவதையும் ஒரே சாலையில் காட்டுகிறது. மழையிலும் குளிரிலும் அன்று வென்ற பென் ஓகானர், இளம் வீரராக 2017இல் இந்த அணியால் சேர்க்கப்பட்டு, அணியின் எதிர்காலம் ஐயத்துக்கு இடமான 2020இன் முடிவில் பிரான்ஸ் அணி ஒன்றுக்குச் சென்றுவிட்டவர். அவர் வந்துசேர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பின், கால வரம்பு கடந்துவிட்டதை அறிந்தும் வண்டியை விட்டு இறங்காமல், நிக்கோலஸ் டிலாமினி அதே கோட்டைத் தனியாகக் கடந்தார். கேப்டவுன் நகரத்தின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த அவர், டூர் டி பிரான்ஸில் பங்கேற்ற முதல் தென்னாப்பிரிக்கக் கறுப்பின வீரர். அவ்வாண்டு அணி அனுப்பிய 8 பேரில் அவர் ஒருவரே ஆப்பிரிக்கர். தான் வளர்த்த வீரரைப் பணமின்மையால் இழந்த அணி, தன் நோக்கத்தின் கடைசி அடையாளத்தை அம்மலைமேல் வரை கொண்டுசேர்த்தது.

இந்த அணி பங்கேற்பின் சிக்கலைத் தீர்த்தது. பணத்தின் சிக்கலைத் தீர்க்கவில்லை. ஆப்பிரிக்க வீரர் உச்சப் பந்தயத்துக்குத் தகுதியானவர் என்பதை அது ஐயமின்றி நிறுவியது. அவர்களை நீண்டகாலம் தாங்கும் புரவலரைக் கண்டத்துக்குள் நிலைநிறுத்த அதனால் இயலவில்லை. ரைடர் 2023இல் தொடங்கிய அடுத்த அணியும் ஸ்விட்சர்லாந்தில்தான் பதிவாயிற்று. எரித்திரியாவின் பினியம் கிர்மாய் 2024 டூரில் 3 கட்டங்களையும், புள்ளிகளில் முன்னிற்பவருக்கு உரிய பச்சைச் சட்டையையும் வென்றபோது, அவர் இருந்தது பெல்ஜிய அணி ஒன்றில். வீரர் வந்துவிட்டார், அவருக்கான வீடு இன்னும் கட்டப்பட வேண்டும்.

(தொடரும்)

அடுத்த இதழில்: ஆஸ்மாராவின் தெருக்களிலிருந்து கிகாலியில் நடந்த 2025 உலகச் சாம்பியன் பந்தயம் வரை.