கோரிமேட்டுக்கு இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் பத்து

கோரிமேட்டில், ஜிப்மருக்குப் பக்கத்தில் இருக்கிற என் அறையிலிருந்துதான் இதைப் பதிவு பண்றேன். திண்டிவனம் ரோட்டில் கொஞ்சம் போனா தமிழ்நாடு எல்லை. பைக்காரங்களுக்கு அது பெட்ரோல் விலை மாறுற இடம். 1938இல் அது வேலை நேரம் மாறுற இடமா இருந்தது.

அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியா. 1934 தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வரை வேலை வாங்கலாம். இந்தப் பக்கம் எட்டு மணி நேரம். இந்த ரெண்டு மணி நேர வித்தியாசம் எப்படி வந்ததுன்னு கேட்டா, வ. சுப்பையாகிட்டதான் போகணும்.

1911இல் புதுச்சேரியில் பிறந்தவர். 1934இல் ‘சுதந்திரம்’ பத்திரிகையைத் தொடங்கினார். சவானா, ரோடியர், கெப்ளே என மூணு பஞ்சாலைத் தொழிலாளர்களையும் சங்கமாத் திரட்டினார். சங்கம் வைக்கிற உரிமையே சட்டத்தில் இல்லாத காலம் அது.

1936 ஜூலை 30. சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கியால சுட்டது. 12 பேர் செத்துப்போனாங்க.

இதில் என்னை ரொம்ப உறுத்துற விஷயம் தேதிதான். அதுக்கு முந்தின மாசம்தான் பாரீஸில் லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு, பிரான்ஸ் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேரம்னு சட்டம் போட்டிருந்தது. அங்கேயும் தொழிலாளிங்க ஆலைக்குள்ள உட்கார்ந்து போராடித்தான் வாங்கினாங்க. அதே கொடி, அதே அரசு. அங்க சட்டம், இங்க தோட்டா!

சுப்பையா அந்த முரண்பாட்டையே பிடிச்சுக்கிட்டு பாரீஸ் வரைக்கும் போனார். 1937 ஏப்ரல் 6 அரசாணை வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் அதில்தான் கிடைச்சது. வெறும் பேச்சுத்திறமையால வந்ததுன்னு நான் நினைக்கல. அந்த 12 பேர் இல்லாம பாரீஸ் கதவு திறந்திருக்காது.

இதைச் சொல்ற நான் ரிலீஸ் வாரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கும் லேப்டாப்பை மூடறதில்லை. டைம்ஷீட்டில் மட்டும் எட்டுன்னு போடுவேன். கேட்டா, எல்லாரும் அப்படித்தானே போடறாங்க.

சுப்பையா 1993இல் காலமானார். ரோடியர் மில், அதாவது நம்ம ஏ.எஃப்.டி., 2020இல் மூடியாச்சு.

அடுத்த எபிசோட் கீழூர் பத்தி: 1954 அக்டோபர் 18, 178 பிரதிநிதிகள், இணைப்புக்கு 170 ஓட்டு. மீதி எட்டுப் பேர் கதையும் உண்டு. சந்திப்போம்.