டக்சீடோ: ஊர்ப்பெயர் உடையான கதை

டக்சீடோ என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். நியூயார்க் நகரத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், மலைக்காடுகளுக்கு நடுவே அந்த ஊர் இன்றும் இருக்கிறது. பெயர் அம்மண்ணின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்களின் மொழியிலிருந்து வந்தது. வளைந்த ஆறு என்று பொருள் சொல்வோர் உண்டு. ஓநாயோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. எப்படியானாலும், அந்தச் சொல்லுக்கும் துணிக்கும் அப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1886-இல் புகையிலை வணிகத்தில் பெரும் பணம் சேர்த்த குடும்பத்தின் பியர் லோரிலார்டு அங்கே செல்வந்தர்களுக்கென ஒரு வேட்டைக் காட்டையும் கிளப்பையும் அமைத்தார். அந்த ஆண்டு இலையுதிர்கால நடனவிழாவுக்கு அவர் மகன் கிரிஸ்வால்டும் நண்பர்களும் வாலில்லாத கோட்டு அணிந்து வந்தார்கள். கனவான் என்றால் மாலையில் பின்புறம் இரட்டை வால் தொங்கும் கறுப்புக் கோட்டும் வெள்ளை டையும்தான் என்றிருந்த காலம் அது. இந்த இளைஞர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிற தொனியில் அன்றைய சமூகச் செய்தி இதழ் ஒன்று எழுதியது.

குட்டைக் கோட்டு அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1865-இல் லண்டன் தையற்காரர் ஹென்றி பூல், பின்னாளில் ஏழாம் எட்வர்டு ஆன இளவரசருக்கு, நெருங்கியவர்களோடு விருந்துண்ணும்போது போட்டுக்கொள்ள இப்படி ஒன்றைத் தைத்துக் கொடுத்ததாக அக்கடையார் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் அதை டின்னர் ஜாக்கெட் என்றார்கள். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஸ்மோக்கிங் என்றார்கள். அமெரிக்காவில் அதற்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1880-களின் இறுதியிலேயே அச்சில் ஏறியும் விட்டது.

நடத்தை விதிகளுக்கே அமெரிக்காவில் இலக்கணம் வகுத்தவராகக் கருதப்படும் எமிலி போஸ்ட் 1922-இல் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். டக்சீடோ ஊரின் வீடுகளை வடிவமைத்த புரூஸ் பிரைஸின் மகள் அவர். அந்த நூலிலும் டக்சீடோவின் இடம், வால் கோட்டுக்கு ஒரு படி கீழேதான். இன்று கண்டிப்பின் உச்சமாக நாம் நினைக்கும் உடை, பிறந்தபோது ஒரு தளர்வு. ‘அந்தக் காலத்தில் எப்படி உடுத்தினார்கள்!’ என்று பெருமூச்சு விடுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு, இரவு வாழ்க்கையைக் கள்ளத்தனமான கதவுகளுக்குப் பின்னால் தள்ளியது. மன்ஹாட்டனின் 52-ஆம் தெருவில் இயங்கிய ‘21’ அப்படித் தொடங்கிய விடுதிதான். விலக்கு நீங்கிய பின் இத்தகைய இடங்கள் கௌரவமடைந்தன. கோட்டும் டையும் கட்டாயம். இல்லாமல் வந்தவருக்கு வாசலிலேயே இரவல் கிடைக்கும். காலப்போக்கில் வாடிக்கையாளர் சாதாரண சூட்டுக்கு இறங்கிவிட, டக்சீடோ பெரும்பாலும் இசைக்குழுவினர் மீதும் பரிமாறுவோர் மீதும் தங்கியது.

1977-இல் நியூயார்க்கில் ஸ்டுடியோ 54 என்ற நடன விடுதி திறந்தபோது எழுத்தில் இருந்த விதி பொருளிழந்தது. ஜீன்ஸ் போட்டவரும் உள்ளே போனார், மினுமினுப்பு பூசிக்கொண்டவரும் போனார். யார் போகலாம் என்பதை வெல்வெட் கயிற்றுக்கு அப்பால் நின்ற உரிமையாளர்களில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல் முகம் பார்த்து முடிவு செய்தார். அந்த ஆண்டின் கடைசி இரவில், பாடகி கிரேஸ் ஜோன்ஸின் அழைப்பில் வந்த இசைக்கலைஞர்கள் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்டு எட்வர்ட்ஸும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் பிறந்த ‘லே ஃப்ரீக்’ பாடல் 1978-இல் அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தது.

அதற்குப் பின் கிளப் வாசல்களில் வந்த உடை விதிப் பலகைகளைத்தான் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. தொளதொளப்பான ஜீன்ஸ் கூடாது, விளையாட்டு ஜெர்சி கூடாது, தொப்பி கூடாது, டிம்பர்லாண்டு பூட்ஸ் கூடாது. ஹிப்ஹாப் காலத்துக் கறுப்பின இளைஞர் எதையெல்லாம் விரும்பி அணிந்தாரோ, அதெல்லாம் பட்டியலில் இருந்தது. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதைத் தடை செய்தது. உடையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஒரே வகைச் செருப்போடு வந்த இருவரில் வெள்ளையர் உள்ளே போக, கறுப்பர் வெளியே நிற்க நேர்ந்ததாகப் புகார்கள் பல ஊர்களில் எழுந்தன.

‘21’ தன் டை விதியை 2009-இல் கைவிட்டது. 2020-இல் கதவையே சாத்தியது. ஸ்னீக்கர் இப்போது பெரும்பாலான கிளப்புகளில் தடையில்லை. டக்சீடோ திருமணத்துக்கும் பள்ளியிறுதி நடனத்துக்கும் வாடகைக்கு எடுக்கும் உடையாகிவிட்டது. டை போனதில் எனக்கு வருத்தமில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எழுதப்படாத விதியால் ஆளை எடைபோடுவது இன்னும் போகவில்லை. முதலில் போக வேண்டியது அதுதான்.